வினைமுதல் யார்?

செய்யூர் என இக்காலத்து வழங்கும் சேயூர், சேயாகிய முருகப்பெருமான் எழுந்தருளிய ஊர் என்னுங் காரணத்தாற் பெயர் பெற்றது. கந்தசுவாமி கோயிலும் வான்மீகநாதர் கோயிலும் உடைய இவ்வூருக்குங் கடலுக்கும் இடையே உப்பங்கழியும் உப்பளங்களும் உள்ளன. இங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அன்பர் சிலர் கூடிச் சிவஞானபோதப் பாடங் கேட்டு வருகின்றனர். சென்ற பங்குனித் திங்களில் அக்கூட்டத்து நிகழ்ந்த ஓர் உரையாட்டே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று.

அன்பருள் ஒருவர் உப்பளம் உடையவர். பாடந் தொடங்குமுன் ஊர்ச் செய்தி பேசுங்கால் அவர், "இவ்வாண்டு உப்பு நன்றாய் விளைந்தது, ஆனால் விலை இறங்கிவிட்டது, கூலியுங் குறைந்துவிட்டது" என்றார். விளக்கிற்கு எண்ணெய் கொணர்ந்த மூதாட்டி ஒருவர் திண்ணையின்கீழ் நின்றிருந்தார். அவர் அவ்வளத்திற் பல்லாண்டு உப்பு வாரியவர். "குறைந்ததா முதலாளி, குறைத்தீர்களா?" என்று கேட்டுவிட்டு, விடையை எதிர்பாராது எண்ணெய்க் கிண்ணத்தைப் படியில் வைத்துச் சென்றார். கூட்டத்தாருட் சிலர் நகைத்தனர். அளமுடையார் நகைத்திலர். சிறிது பொழுது வாளா இருந்து, பின் எம்மை நோக்கி, "ஐயா, உப்பு விளைந்தது என்றால் ஒருவருங் குற்றங் கூறுவதில்லை. விலை இறங்கிற்று என்றாலும் இல்லை. கூலி குறைந்தது என்றால் மட்டுங் குற்றமாமோ? மூன்றும் ஒரே வாய்பாடுதானே? அன்றியும், எல்லாஞ் சிவன் செயல் என்று தாங்களே பாடஞ் சொல்லுகின்றீர்கள்" என்றார்.

இவ்வினா இலக்கணத்தையுஞ் சித்தாந்தத்தையும் ஒருங்கே பற்றி நிற்பது. அன்று யாங் கூறிய விடை அரைகுறையாய் இருந்தமையின், பின்னர் நூல்களை மீட்டும் நோக்கித் தெளிந்தவற்றை ஈண்டு வரைகின்றோம்.

முதற்கண் இலக்கண முறையை நோக்குவாம். ஆசிரியர் தொல்காப்பியனார் தொழில் நிகழ்தற்கு வேண்டும் முதனிலைகளை எட்டென வகுத்தார். அவை வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன. ஈண்டு ஒரு நுட்பம் உளது. 'செய்வான்' என உயர்திணைவாய்பாட்டாற் கூறாது 'செய்வது' என அஃறிணையாற் கூறினார். அறிவுடையதும் அறிவில்லதுமாகிய எதுவும் ஒரு தொழிற்கு முதலாய் நிற்றல் கூடும் என்பது இதனாற் கொள்ளக் கிடக்கின்றது. ஆகவே 'செய்தல்' என்பது தமிழிலக்கணத்தில் 'தன் விருப்பாற் செய்தல்' என்னும் பொருளளவில் நில்லாது, தொழிலுக்கு நிலைக்களமாதல் என்னும் அகன்ற பொருளை உடையது. 'மழை பெய்தது' எனவும் 'அரசன் கொடுத்தான்' எனவும் ஒரே முறையாற் கூறுகின்றோம். பெய்தற்கண் மழைக்குக் கருத்தில்லை. கொடுத்தற்கண் அரசனுக்குக் கருத்துண்டு. வினைச்சொல்லோ இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதன்று.

இனி, வினையியலில் அவ்வாசிரியர் பிறிதொன்றும் ஓதினார். செயப்படுபொருளாய் நிற்பதொன்றை, அதுவே செய்ததுபோல வைத்துத் தொழிற்படுத்துச் சொல்லுதலும் வழக்கின்கண் உண்டு என்பது அது. நன்னூலாரும் இதனை உடன்பட்டார். 'திண்ணை மெழுகிற்று', 'கலங் கழீஇயிற்று' என்பன உரைகளிற் பயின்ற எடுத்துக்காட்டுக்கள். திண்ணை தன்னைத்தான் மெழுகிக்கொண்டதன்று, ஒருத்தி மெழுகினாள். ஆயினும் சொல் செய்வினையாகவே நின்று செயப்பாட்டுப் பொருளைத் தந்தது. மெழுகினவள் யாவள் என எவ்வுரையினுங் கூறப்பட்டிலது. வைகறையில் எழுந்து மெழுகிப் போயினாள், எழுந்து வந்த ஆடவர் திண்ணை மெழுகியிருக்கக் கண்டனர், அவ்வளவே. இவ்வெடுத்துக்காட்டைப் பலகாற் பாடஞ் சொல்லியும், அவள் உளள் என்பதை யாம் நினைந்ததில்லை. உப்பு வாரும் மூதாட்டி கேட்டபின்னரே நினைந்தோம்.

வடநூலாரும் இவ்வழக்கை அறிவர். அவர் இதனைக் கருமகருத்தா என்பர். தொழில் மிக எளிதாய் முடிந்தமை தோன்றச் செய்தவனை விலக்கிச் செய்யப்பட்டதனையே கருத்தாவாக்கிக் கூறுதல் அது. 'சோறு தானே வெந்தது' என்பது போல்வன அதற்குக் காட்டு. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. பாணினியார் விதிப்படி அவ்விடத்து வடமொழி வினை செயப்பாட்டு விகுதியைப் பெறும். தமிழிலோ விகுதி சிறிதும் வேறுபடாது. வடமொழியிற் சொல்லின் உருவமே இது வேறுவகை என அறிவிக்கும். தமிழிற் கேட்போன் அறிவே அறிதல் வேண்டும். பிரயோகவிவேகஞ் செய்த சுப்பிரமணிய தீட்சிதரும், இலக்கணக்கொத்துச் செய்த திருவாவடுதுறைச் சுவாமிநாத தேசிகரும் பதினேழாம் நூற்றாண்டில் இரு மொழி இலக்கணத்தையும் அருகருகே வைத்து ஆய்ந்தவர்கள். இப்பொருளிற் புகுவார் அவ்விருவர் நூலையும் ஒருங்கு வைத்துக் கற்றல் நன்று.

செய்வினை உருவிற் செயப்பாட்டுப் பொருள் வருதல் பெயரெச்சத்தின்கண் இன்னுந் தெளிவாகக் காணப்படும். 'உண்ட சாத்தன்' என்புழி உண்டவன் சாத்தன். 'உண்ட சோறு' என்புழியோ சோறு உண்ணப்பட்டது. 'உண்ட' என்னுஞ் சொல் ஈரிடத்தும் ஒன்றே. 'புலி கொன்ற யானை' என்பதிற் கொன்றது யாது, இறந்தது யாது என்பதனைச் சொல் தெரிவியாது. இடமும் வழக்குமே தெரிவிக்கும்.

இதற்கு எம் நாட்டுச் சான்றொன்று கல்லிலே உளது. செங்கற்பட்டை அடுத்த வல்லம் என்னும் ஊரில் மலையைக் குடைந்தெடுத்த கோயிலிற் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது, ஏழாம் நூற்றாண்டினது. மகேந்திரனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் அக்கோயிலை அமைத்தமையை அது கூறும். ஆண்டு வந்துள்ள சொல் 'செயிவித்த' என்பது. கந்தசேனன் உளி பிடித்தவன் அல்லன் ஆகலின் 'செய்த' என்னாது 'செய்வித்த' எனப் பொறித்தனர். மேற்பார்வைக்கு ஏவுதற் கருத்தாவை உண்மை வழுவாது காட்டிய சொல் இது. ஆயினும் அதன்பின் நிற்கும் பெயர் கோயிலைக் குறிப்பது. கோயில் எதனையுஞ் செய்வித்ததன்று, செய்விக்கப்பட்டது. எனவே ஏவினவனைக் காட்டிய அச்சொல்லே, 'உண்ட சோறு' போலச் செயப்பாட்டுப் பொருளிலும் நின்றது. கல்லைக் குடைந்த தச்சரோ இரண்டு வகையானும் வெளிப்பட்டிலர்.

இதன் மறுதலையும் வழக்கில் உண்டு. அந்தகக்கவி வீரராகவ முதலியார் எங்கள் சேயூர் முருகன்மேற் பிள்ளைத்தமிழ் பாடியவர். கண்ணில்லாதவர் ஆகலின் ஏட்டில் எழுதியது பிறர் கையாதல் வேண்டும். ஆயினும் 'அந்தகக்கவி எழுதிய பிள்ளைத்தமிழ்' என்றே ஊரார் கூறுவர். 'எழுதுவித்த' என எவருங் கூறக் கேட்டிலேம். கந்தசேனனுக்குப் பிறவினை வேண்டினோம், கவிஞருக்கு வேண்டிலம். பாட்டிற் கருத்தே முதன்மை, கை கருவி எனக் கொண்டமையே காரணமாகலாம். 2019-ஆம் ஆண்டிற் காஞ்சிபுரத்தினின்று 'செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்தது' என நாமே கூறுகின்றோம். பிரித்தது அரசு என்பதனை அறியாதார் இலராகலின் அதனை எடுத்துரைக்க வேண்டாதாயிற்று.

இனிப் 'படு', 'உண்' என்னும் இரண்டு துணைவினைகளை நோக்குவாம். கொல்லப்பட்டான், கட்டப்பட்டது என வருவனவற்றைச் செயப்பாட்டுவினை என்று பள்ளியிற் கற்பிக்கின்றனர். அது பிழையன்று. ஆயின், 'படு' என்பது தானே ஒரு தன்வினை. கண்ணிற் பட்டது, வலையிற் பட்டது, துன்பப்பட்டான், ஆசைப்பட்டான் என வருதல் காண்க. துன்பப்பட்டான் என்புழித் துன்பம் பிறரால் வந்திருக்கலாம். ஆசைப்பட்டான் என்புழியோ ஆசையை அவனன்றிப் பிறர் ஒருவருஞ் செய்திலர். உருவிற் பாடு; பொருளிற் செயல். கட்டுண்டான், அடியுண்டான், தள்ளுண்டான் என்பவற்றில் 'உண்' என்பது தின்றற்றொழிலை உணர்த்தும் வெளிப்படையான செய்வினை. பொருளோ முழுதும் பாடு. கால்டுவெல் துரைமகனார் தாம் 1856-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளிற் செயப்பாட்டினைக் காட்டும் விகுதி தனியே இல்லை என்று எழுதினார். கண்டது உண்மையே. ஆனால் அதுபற்றித் தமிழிற் செயப்பாட்டுக் கருத்தே இல்லை எனக் கொள்வார் கூற்றுப் பொருந்தாது. 'செயப்படுபொருள்' என்னும் ஆசிரியர் குறியீட்டிலேயே 'படு' நிற்கின்றதன்றோ?

எமக்குத் தோன்றுவது இது. தமிழில் ஒன்றற்கு ஆளாதலும் ஒருவகைத் தொழிலே. கொல்லப்பட்டவன் கொலையைப் பட்டான். கட்டுண்டவன் கட்டினை உண்டான். பாசத்தாற் கட்டுண்டது பசு என்னுஞ் சித்தாந்த வழக்கிலும், கட்டுதல் ஆன்மாவின் தொழிலன்று. கட்டினை நுகர்தல் ஆன்மாவினது. வினைப்பயன் உண்ணப்படுவது, ஆன்மா உண்பது என்னும் நூல்வழக்கோடு இது மிக இயைந்திருக்கின்றது. சொற்பிறப்பைக்கொண்டு தத்துவத்தை நிறுவுதல் சிறந்த நெறியன்றாகலின் இதனை வலிந்து கொள்ளற்க. இயைபு கண்டு மகிழ்தற்கே கூறினாம்.

பிற மொழியாளரும் இம்மாறுபாட்டில் இடர்ப்பட்டனர். ரோமருடைய இலத்தீன் மொழியிற் பிறந்தேன், இறந்தேன், பேசினேன், பின்தொடர்ந்தேன் என்னும் பொருளுடைய சொற்கள் செயப்பாட்டு விகுதியையே கொண்டு நிற்கும், பொருளோ செய்வினையே. அவற்றைப் பாட்டுப் பொருளைக் 'கழற்றி வைத்த' வினைகள் என்னுங் கருத்துப்பட அந்நாட்டிலக்கணிகள் பெயரிட்டனர். வடமொழியிலும் பிறத்தலையும் இறத்தலையுங் குறிக்கும் வினைகள் ஆத்மனேபத விகுதி பெறுவன. தமிழிற் 'பிறந்தான்', 'இறந்தான்' என்பன தூய செய்வினை வாய்பாடு. மூன்று மொழியினுள் எது உண்மைக்கு அணித்து என்று ஒருவர் கேட்பின், யாம் ஒன்றையுந் தாழ்த்திக் கூறேம். தன் விருப்பாற் பிறந்தார் யாரும் இலராகலின் இலத்தீன் வழக்கும் பொருந்தும். பிறப்பு அவரவர் வினைக்கீடாய் அவரவர்பால் நிகழ்தலின் தமிழ் வழக்கும் பொருந்தும்.

ஆத்மனேபதம் என்றமையின் ஒன்று நினைவிற்கு வருகின்றது. வேள்வியைப் பிறர்பொருட்டுச் செய்யும் இருத்துவிக்கின் தொழிலை 'யஜதி' எனப் பரஸ்மைபதத்தாலும், தன்பொருட்டுச் செய்விப்போன் தொழிலை 'யஜதே' என ஆத்மனேபதத்தாலும் வடநூலார் கூறுவர். 'யஜமானன்' என்னுஞ் சொல் பின்னையதனின்றும் பிறந்தது. நெய் சொரிந்த கை ஒருவனது. வேட்டவன் எனப் பெயர் பெற்றான் மற்றொருவன். பயன் எவனைச் சாருமோ அவனே முதல்வன் என்பது அம்மொழியின் துணிபு. தமிழிற் 'கொள்' என்னுந் துணைவினை ஏறக்குறைய இத்தொழிலைச் செய்யும். சமைத்தான் என்பதற்குஞ் சமைத்துக்கொண்டான் என்பதற்கும் உள்ள வேற்றுமை யாவரும் அறிந்ததே. ஆயின் 'ஆட்கொண்டான்' என்னுஞ் சொல்லை எண்ணுக. திருவெண்ணெய்நல்லூரில் ஆளோலை காட்டி நம்பியாரூரரைத் தடுத்து இறைவன் ஆட்கொண்டான் என்கின்றோம். 'கொள்' என்பது கொள்வோன் பயனைக் காட்டுஞ் சொல். ஆளைக் கொண்டதனால் இறைவன் எய்திய பயன் யாது? அவன் குறைவிலா நிறைவினன். பயன் முழுதும் ஆரூரர்க்கே. சொல் தன்பொருட்டு என நிற்பப் பொருள் பிறர்பொருட்டு என முடிந்தது. திருவருளைக் கூறுஞ் சொற்களுள் இத்துணை இனிய மாறுபாடு பிறிதொன்று யாங் கண்டிலேம்.

இனி நூற்பொருளுக்கு வருவாம். சித்தாந்தத்தின் தலையாய வினைகள் பல, தன்வினை பிறவினை என இணையிணையாக நிற்பன. தோன்று, தோற்று, ஒடுங்கு, ஒடுக்கு, உணர், உணர்த்து, நீங்கு, நீக்கு, காண், காட்டு. ஓரெழுத்து மெலிதலும் வலிதலுமே ஆன்மாவின் தொழிலையும் இறைவன் தொழிலையும் பிரித்துக் காட்டுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் பன்னிரு சூத்திரத்தால் நூல் செய்தபோது இவ்விணைகளை எவ்வளவு நிறுத்து வழங்கினார் என்பது ஓரிரண்டு இடங்களாற் புலப்படும்.

பதினோராஞ் சூத்திரத்திற் காண், காட்டு என்னும் இணை மூன்று படியாக அமைந்துளது. கண் காணும், அக்கண்ணுக்கு ஆன்மா காட்டும், அவ்வான்மாவுக்கு இறைவன் தானுங் கண்டு அதற்குங் காட்டுவன். கண்ணொளி இருந்தும், ஆன்மா வேறொன்றிற் சென்றபோது கண் எதிரே நின்றதனையுங் காணாமை நம் அனுபவம். அதனாற் 'கண் காணவில்லை, ஆன்மாவே கண்டது' எனலாமோ எனின், ஆகாது. காண்டல் கண்ணுக்கு உரியதே; காட்டல் ஆன்மாவுக்கு உரியது. அதுபோல, இறைவன் காட்டலால் ஆன்மா காண்டல் பொய்யாகாது. காட்டுவோன் ஒருவன் உளன் எனவே காண்போன் ஒருவன் உளன் என்பதும் உடன் பெறப்படும். காண்போன் இல்வழிக் காட்டுதல் என்னுஞ் சொல்லே பொருளிழக்கும். பிறவினை தன்வினையை அழிப்பதன்று. தன்னுட் கொண்டு நிற்பது. இவ்விலக்கண உண்மையே, முதல்வன் செயலால் உயிரின் செயல் இல்லையாம் என்பார் கொள்கையை மறுத்தற்குப் போதுமென யாம் கருதுகின்றோம்.

எட்டாஞ் சூத்திரமும் அத்தகையதே. இறைவன் குருவாய் வந்து 'உணர்த்த' என்பது பிறவினை. ஐம்புலன்களை 'விட்டு' என்பதும், திருவடியிற் 'செல்லும்' என்பதும் ஆன்மாவின் வினை. வேடரிடை வளர்ந்த அரசன் மகனைத் தந்தை உணர்த்தினான். மகனே எழுந்து சென்றான். தந்தை தூக்கிச் சென்றான் என ஆசிரியர் கூறிற்றிலர்.

முதற் சூத்திரத்தில் உள்ள 'தோற்றிய' என்னுஞ் சொல் எம்மை நெடுநாள் வருத்தியது. உலகம் தோன்றுவது என்பது கருத்தாயின் 'தோன்றிய' எனல் வேண்டும். அதனை அடுத்து வரும் 'ஒடுங்கி' என்பது தன்வினையாகவே இருக்கின்றது. அதனோடு ஒப்ப, 'தோற்றிய' என்பதனையும் வலித்தல் விகாரம் எனக் கொண்டு 'தோன்றிய' எனவே உரைத்துவிடின் சூத்திரம் எளிதாகும், இலக்கணமும் இடந்தரும். அதுவாயின் 'உப்பு விளைந்தது' போல உலகந் தோன்றிற்று என்னும் அளவே பெறப்படும். தோற்றுவித்தோனை வேறு ஏதுவால் நிறுவுதல் வேண்டும். விகாரங் கொள்ளாது, 'உண்ட சோறு' போல வைத்து, ஒருவனால் தோற்றுவிக்கப்பட்ட உலகம் எனப் பொருள் கொள்ளின், தோற்றுவித்தோன் அச்சொல்லினுள்ளேயே மறைந்து நிற்பான். உலோகாயதனை நோக்கி எழுந்த சூத்திரத்தில் இதுவே வலியுடையது என்பது எம் கருத்து. அன்றியும், மலம் உண்மையின் உலகம் மீளத் தோன்றுவதாம் எனச் சூத்திரம் மேலுங் கூறுகின்றது. தோற்றுவித்தல் இறைவன் தொழில். தோற்றுவிக்க வேண்டிய காரணமோ ஆன்மாவைப் பற்றிய மலம். முதல்வனும் உளன், அவன்மேற் குறையும் இல்லை. சிவஞான முனிவர் 1785-இற் சிவனடி சேர்ந்த பின்னர், அவர் அருளிய மாபாடியத்தைத் தொல்காப்பியச் சூத்திரவிருத்தியோடு அடுத்து வைத்துக் கற்பார் தொகை வரவரச் சுருங்கிற்று. (சுருங்கிற்று என்றோம், சுருக்கினோர் யாமே.) ஆதீனப் புலவர்கள் இவ்வொரு சொல்லின்மேல் தங் கருத்தை விரித்து எழுதுவாராயின் உவந்து கற்பேம்.

இங்ஙனம் இருப்ப, சைவ அன்பருட் சிலர் பணிவு கருதித் தம் வினைகளையெல்லாம் 'படு' என்பதனால் மூடுகின்றனர். எம்மிடம் பாடங் கேட்கும் இளைஞர் ஒருவர் தம் குறிப்பேட்டில், "இன்று என்னாற் பூசை செய்யப்பட்டது, திருமுறை ஓதப்பட்டது" என எழுதியிருந்தார். யான் எனதென்னுஞ் செருக்கை ஒழித்தற்காம். 'என்னால்' என்பது அங்கே நிற்கின்றதே எனக் காட்டியபோது நாணினார். பத்தாஞ் சூத்திரம் இறைபணியில் நிற்க என்கின்றது. நிற்றலும் ஒரு வினையே. அதற்கு வினைமுதல் ஆன்மாவே. ஒழிய வேண்டுவது தன் முனைப்பன்றித் தன்மை ஒருமை விகுதி அன்று. 'பூசை செய்தேன்' என எழுதுக என்று கூறினோம். இக்காலத்துச் செய்தித்தாள் நடையிலும் ஆல் உருபும் படு விகுதியும் மிகுந்து வருதல் தனியே வருந்தற்குரியது. அதனை ஈண்டு விரியாம்.

இனி அளமுடையார் வினாவிற்கு விடை. உப்பு விளைந்தது என்பது மெய்ம்மொழி. மனிதர் பாத்தி மிதித்து இறுக்குவர், கழிநீரைக் கால்வழி விடுவர், பின்னர்க் காத்திருப்பர். ஞாயிறு தன் சந்நிதியளவானே நீரை வாங்கும், உப்புப் படியும். 'உப்பை விளைத்தேன்' என எவரேனுங் கூறினாற் பங்குனி வெயில் அவரை நகும். நம் நூல்கள் இறைவனுக்குக் கூறும் உவமையும் இதுவே: ஞாயிற்றின் முன் ஒரு தாமரை அலரும், ஒன்று கூம்பும், ஒன்று உலரும், ஞாயிறு விகாரப்படாது. விலை இறங்கிற்று என்பதும் ஒருவாறு அமையும்; வாங்குவோரும் விற்போரும் பலராய், இன்னார் இறக்கினார் எனச் சுட்டலாகாமையின். கூலியின் செய்தி வேறு. கணக்கேட்டின்முன் இருந்து, முந்தைய தொகையை அடித்து வேறு தொகை எழுதின கை ஒன்று. அக்கையை ஏவின கருத்து ஒன்று. அவ்விரண்டிற்கும் உரியவர் நமக்கு எதிரே திண்ணையில் இருக்கின்றார். அவ்விடத்துக் 'குறைந்தது' என்பதனை இலக்கணந் தள்ளாது. தொல்காப்பியனார் அவ்வழக்கு உண்டு என்றார், யாண்டும் அங்ஙனமே கூறுக என விதித்திலர். மெழுகினவள் பெயரை விட்டுத் திண்ணையைக் கூறுதலாற் கெடுவார் இலர். குறைத்தவர் பெயரை விட்டுக் கூலியைக் கூறினால் ஒருத்தி வீட்டில் ஒருவேளை உலை ஏறாது.

எல்லாஞ் சிவன் செயல் என்றதோ எனின், ஆம், காட்டுவோன் அவனே. கண்டவர் யார், கணக்கில் எழுதினவர் யார் என்னும் வினா அதனால் நீங்கிற்றில்லை. ஞாயிற்றின் சந்நிதியில் உப்பும் விளையும், வைக்கோலும் எரியும். வைக்கோலின் பக்கலிற் சூரியகாந்தக் கல்லைக் கொணர்ந்து வைத்தவன் ஞாயிற்றைச் சுட்டித் தப்பலாகாது.

இவ்வளவும் அடுத்த வெள்ளிக்கிழமை அக்கூட்டத்தில் விரித்துரைத்தோம். அளமுடையார் ஒன்றும் மறுமொழி கூறாது கேட்டிருந்தார். பாடம் முடிந்து யாவரும் எழுந்தபின், மூதாட்டி வழக்கம்போல் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். அவர் படியேறு முன்னரே அளமுடையார் எழுந்து நின்று, "குறைத்தது நான்தான், அம்மா" என்றார். மூதாட்டி, "அது எனக்குத் தெரியும் முதலாளி, எவ்வளவு ஏத்துவீங்க, அதைச் சொல்லுங்க" என்றார்.